கழுதை ஏன் பேசினது? கிறிஸ்தவப் படப் புத்தகங்களில் கதைக்கும் மிருகங்கள்

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்):

மகனுக்கு ஐந்து வயது. வெளிநாட்டிலிருக்கும் என் அக்கா ஒரு பெட்டி நிறைய கிறிஸ்தவப் படப் புத்தகங்கள் அனுப்பியிருக்கிறா. எல்லாவற்றிலும் முயல், அணில், கரடி. முயல் ஜெபம் பண்ணுகிறது, கரடி மன்னிப்புக் கேட்கிறது, ஆட்டுக்குட்டி குடும்பத்தோடு ஆராதனைக்குப் போகிறது. போன கிழமை மகன் கேட்டான், எங்கள் பூனைக்கு எப்போது ஞானஸ்நானம் என்று. எங்கள் சபையில் மூத்த அக்கா ஒருவர், மிருகம் கதைப்பதாகப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே பொய் என்கிறார். வேதாகமத்தில் கதைத்தவை இரண்டுதானாம். ஒன்று ஏதேனில் பாம்பு, மற்றது பிலேயாமின் கழுதை. புத்தகங்களை எடுத்துவிடவா?

11 பெப்ரவரி 2024

எடுக்க வேண்டாம். பெட்டியோடு இருக்கட்டும், எல்லாவற்றையும் வாசித்துக் காட்டவும் வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு பாடசாலைக்குப் படம் கீறுகிறேன். அதே மாதிரிப் பெட்டி எங்கள் சபை அலுமாரியில் மூன்று கிடக்கிறது.

சபை அக்காவின் கணக்குச் சரி என்றே வைப்போம். அந்தக் கழுதை என்ன சொன்னது என்று பார்த்தாரா? எண்ணாகமம் 22. வழியை மறித்த தூதனைக் கண்டு கழுதை விலக, அது தெரியாமல் அதில் ஏறி வந்த தீர்க்கதரிசி பிலேயாம் மூன்று தரம் அடிக்கிறான். கழுதை வாய் திறந்து, நான் உனக்கு என்ன செய்தேன், ஏன் மூன்று தரம் அடித்தாய், இன்றுவரை நீ ஏறி வந்த கழுதை நான்தானே, எப்போதாவது இப்படிச் செய்திருக்கிறேனா என்று கேட்கிறது. அவ்வளவுதான். ஜெபம் இல்லை, வசனம் இல்லை. அடி வாங்கிய கழுதைக்கு வயிற்றெரிச்சல் எதுவோ அதைச் சொன்னது. கர்த்தருடைய செய்தியைச் சொல்லத் தூதன் பட்டயத்தோடு தனியாக நிற்கிறான்.

பல வருடங்களுக்கு முன், இந்தியாவில் அச்சான படப் புத்தகம் ஒன்றை வகுப்பில் வாசித்தேன். ‘அப்பொழுது கழுதை பேசியது’ என்று ஒரு பக்கம் முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு மாதமும் ஆகாத சின்னப் பிள்ளை கையை உயர்த்தி, “சேர், கழுதை ஏன் பேசினது?” என்றது. எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. அம்மா பேசுவா என்றால் வாங்கிக் கட்டப்போகிறோம் என்று அர்த்தம். சும்மா வாய் திறந்து சொல்வதற்குக் கதைப்பது என்போம். பிள்ளையைத் திருத்தப் போய் பாதியில் நிறுத்திவிட்டேன். அதிகாரத்தை இன்னொரு தரம் பாருங்கள். கழுதை கதைக்கவில்லை, பேசத்தான் செய்தது.

உங்கள் அக்கா அனுப்பிய கரடி கதைப்பதில் எனக்கு வழக்கில்லை. அது கரடியாக இல்லை, அதுதான் சிக்கல். சட்டை போட்டு, பல் தீட்டி, நேரத்துக்குப் படுக்கிற ஒழுங்கான பிள்ளை ஒன்றுக்கு மேலே கரடித் தோல். தோலை உரித்தால் கதையில் ஒன்றும் குறையாது. பிலேயாம் கதையில் கழுதைக்குப் பதில் வேலைக்காரன் ஒருவனைப் போட்டுப் பாருங்கள், கதையே விழுந்துவிடும்.

அதே நாள், இரவு

இரண்டு என்பது பிழை. வெளிப்படுத்தல் 8:13ஐ மறந்துவிட்டேன். நாங்கள் வீட்டில் வாசிக்கிற பழைய தமிழ் வேதாகமத்தில் ஒரு தூதன் வானத்தின் நடுவே பறந்து, ஐயோ ஐயோ ஐயோ என்று மூன்று தரம் சொல்கிறான். புதிய மொழிபெயர்ப்புகளில் அந்த இடத்தில் கழுகு. பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் கழுகு, சிலவற்றில் தூதன், அதனால் வந்த வித்தியாசம். ஆக அக்காவின் வேதாகமத்தில் இரண்டு, என் மனைவியின் கத்தோலிக்க வேதாகமத்தில் மூன்று.

14 பெப்ரவரி 2024

மூன்றும் இல்லையாம். வெளிப்படுத்தல் 4இல் சிங்கத்துக்கும் காளைக்கும் கழுகுக்கும் ஒப்பான ஜீவன்கள் இரவும் பகலும் பரிசுத்தர் பரிசுத்தர் என்று ஓயாமல் சொல்கின்றன என்று மனைவி காட்டினா. கணக்கை இதோடு விடுகிறேன். நியாயாதிபதிகள் 9இல் மரங்களே கூடி ராஜா தேடுகின்றன. ஒலிவமரம் மாட்டேன் என்கிறது, அத்திமரம் மாட்டேன் என்கிறது, கடைசியில் முட்செடிதான் வருகிறேன் என்கிறது. அந்தக் கதையைச் சொன்ன யோதாமைப் பொய்யன் என்று யாரும் சொல்வதில்லை.

18 பெப்ரவரி 2024

இன்று காணாமற்போன ஆடு, லூக்கா 15. வருடா வருடம் இதே பாடு என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் புத்தகத்து ஆடு வெள்ளைப் பஞ்சு உருண்டை, நாலு கறுப்புக் கால், ரோஸ் மூக்கு. வகுப்பில் அந்த உருவத்தை அச்சடித்துக் கொடுத்து, பஞ்சு ஒட்டச் சொல்வது வழக்கம். பிள்ளைகளுக்கும் விருப்பம், ரீச்சர்மாருக்கும் இருபது நிமிடம் நிம்மதி. சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சியிலிருந்து வந்து சேர்ந்த பையன் ஒருவன் பஞ்சைத் தொடவே இல்லை. எழும்பிப் போய் மூலையில் கிடந்த தும்புத்தடியிலிருந்து நாலு தும்பை இழுத்து வந்து, ஒவ்வொன்றாகப் படுக்கப் படுக்க ஒட்டினான். கேட்டால், “செம்மறிக்கு இப்பிடித்தான் சேர் மயிர்” என்றான். அவன் சொன்னது முழுச் சரி. வடக்கில் நிற்கிற யாழ்ப்பாணச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. ஒட்டிக் கிடக்கிற கட்டை மயிர். தூரத்தில் பார்த்தால் வெள்ளாடு மாதிரியே இருக்கும். வாலைப் பார்த்துத்தான் பிரிக்கலாம். வெள்ளாட்டுக்கு வால் நிமிர்ந்து நிற்கும், செம்மறிக்குத் தொங்கும். இதையும் அவன்தான் சொன்னான், நான் பிறகு ஊருக்குப் போனபோது பார்த்துச் சரி என்று கண்டேன்.

இது தெரிந்த பிறகு மத்தேயு 25ஐ வாசித்துப் பாருங்கள். மேய்ப்பன் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் வலதுபக்கம் இடதுபக்கம் பிரிக்கிறான். பஞ்சு உருண்டை ஒன்றும் கொம்புக் கடா ஒன்றும் படத்தில் இருந்தால் அதில் என்ன கெட்டித்தனம்? மூன்று வயதுப் பிள்ளையும் பிரிக்கும். இரண்டும் ஒரே மாதிரி நின்றால்தான் பிரிக்க மேய்ப்பன் தேவை.

நாங்கள் இரண்டையும் ஆடு என்றே சொல்லிப் பழகியதால் இன்னொரு குழப்பமும் உண்டு. ‘இயேசு தேடிப் போன ஆடு’ என்று சொன்னவுடன் கொழும்புப் பிள்ளைக்கு ஞாபகம் வருவது ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி. சிரிக்க வேண்டாம், ஒரு பிள்ளை வகுப்பிலேயே கேட்டிருக்கிறது, கண்டுபிடித்த பிறகு சமைத்தார்களா என்று.

பஞ்சு ஒட்டுவதை நிறுத்தவில்லை. பஞ்சும் வைக்கிறேன், தும்பும் வைக்கிறேன்.

25 பெப்ரவரி 2024

அப்படியானால் எந்த மிருகத்தை வைத்துக் கதை எழுதலாம் என்று கேட்டிருக்கிறார்கள். காகம்!

கொழும்புப் பிள்ளை காலையில் எழும்பி முதலில் காண்கிற உயிர் காகம். படப் புத்தகக்காரர் யாரும் தொடமாட்டார்கள், அழகில்லையாம். நோவா முதலில் வெளியே விட்டது காகத்தைத்தான், புறா பிறகு. எலியா தீர்க்கதரிசிக்கு கேரீத் ஆற்றங்கரையில் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டு வந்ததும் காகங்கள். லூக்கா 12இல் இயேசு கவனித்துப் பாருங்கள் என்று காட்டுவதும் காகங்களை. இத்தனைக்கும் லேவியராகமத்தில் அது தின்னக் கூடாத, அருவருப்பான பறவை.

எலியா கதையை இங்கே சொல்லும்போதுதான் அதன் வினோதம் தெரியும். காலி வீதியில் மாலு பணிஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எந்தப் பிள்ளைக்கும் தெரியும், காகம் கொண்டு வராது, கொண்டு போகும். இந்தக் கதையைச் சொன்ன ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை, அந்த இறைச்சியைக் காகம் யாரிடம் களவெடுத்தது என்று கேட்டிருக்கிறது. பதில் வைத்திருக்கவில்லை, இப்போதும் இல்லை. படத்தில் மட்டும் ஒன்று செய்கிறேன். அப்பத்தை அலகில் வைத்திருக்கும் காகத்தின் கண்ணை, விழுங்கவா கொடுக்கவா என்று யோசிக்கிற மாதிரிக் கீறுகிறேன். தலை ஒரு பக்கம் சரிந்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. அந்தக் காகத்துக்கு வசனம் எழுத வேண்டியதில்லை.

சின்னதாக ஒன்று. பேழையில் எல்லாம் சோடி சோடி என்று பாடிக்கொண்டே இருக்கிறோம். ஆதியாகமம் 7:2இல் சுத்தமானவை எவ்வேழு சோடி, சுத்தமில்லாதவைதான் ஒவ்வொரு சோடி. காகம் சுத்தமில்லாத பக்கம் என்றால், நோவா அனுப்பிய அந்த ஒரு காகம் செத்திருந்தால் காக இனமே போயிருக்கும் என்று வகுப்பில் சொல்லிப் பயமுறுத்தினேன். “சாகேல்லை சேர், வெள்ளவத்தை முழுக்க நிக்குது” என்று பதில் வந்தது.

2 மார்ச் 2024

சிங்கம், புலி பற்றிக் கேட்டவருக்கு. கொழும்பில் தமிழில் பிள்ளைகள் புத்தகம் செய்கிறவனுக்கு இரண்டும் இலேசான மிருகங்கள் இல்லை.

2008இல் ஏசாயா 11ஐ நாலு பக்கச் சின்னப் புத்தகமாகச் செய்தேன். ஓநாய் ஆட்டுக்குட்டியோடே தங்கும், புலி வெள்ளாட்டுக்குட்டியோடே படுத்துக்கொள்ளும். பழைய தமிழில் அப்படித்தான் இருக்கிறது, புலி. நான் மஞ்சளில் கறுப்பு வரி போட்டு, நன்றாகவே கீறியிருந்தேன். சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருந்த காலம். அச்சகத்தில் பக்கத்தைப் பார்த்தவர் எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, “அண்ணை, படத்தில ஆட்டுக்குட்டி இருக்கட்டும். மற்றதைக் கொஞ்சம் மாற்றித் தாங்கோ” என்றார். அவரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கும் உள்ளங்கை வேர்த்தது. அங்கேயே குந்தியிருந்து வரிகளை வெள்ளையால் மூடி, புள்ளி புள்ளியாகக் குத்தினேன். எழுத்தில் புலி, படத்தில் சிறுத்தை.

வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, எபிரேயத்தில் அந்தச் சொல் சிறுத்தையைத்தான் குறிக்கிறது. ஆங்கில வேதாகமத்திலும் சிறுத்தைதான். இலங்கைக் காடுகளில் இருப்பதும் சிறுத்தை, புலி இல்லை. பயத்தில் வைத்த புள்ளி சரியாகப் போய்விட்டது. ஆனாலும் நான் அதைச் சரி என்பதற்காக வைக்கவில்லை, அது மனதில் கிடக்கிறது.

சிங்கத்தின் கதை வேறு. தானியேலைப் போட்ட சிங்கக் கெபியைக் கீறச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் சிங்கத்தின் கையில் வாள் கொடுத்துவிடுவார்கள். தேசியக் கொடியில் பார்த்த சிங்கம். வாள் வைத்திருந்த ஆறு சிங்கங்களுக்கு நடுவில் தானியேல் சிரித்துக்கொண்டிருந்த படம் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

24 மார்ச் 2024, குருத்தோலை ஞாயிறு

கழுதைக்குத் திரும்பி வருகிறேன். சாம்பல் நிறக் கழுதையின் முதுகு நெடுக ஒரு கறுப்புக் கோடு போகும், தோளில் குறுக்கே இன்னொன்று இறங்கும். மேலிருந்து பார்த்தால் சிலுவை. ஆண்டவரைச் சுமந்ததால் கிடைத்தது என்று ஒரு பழங்கதை உண்டு. அதன் மூதாதையான ஆபிரிக்கக் காட்டுக் கழுதைக்கே அந்தக் கோடுகள் உண்டு, ஆகவே சரித்திரமாகச் சொல்லிவிடாதீர்கள். மன்னாருக்குப் போனால் வீதியில் நிற்கிற கழுதைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், கோட்டைத் தேடச் சொல்லுங்கள். இன்று கறுப்புப் பென்சிலால் அந்த இரண்டு கோட்டை மட்டும் போட விட்டேன். ‘கழுதை’ என்றவுடன் சிரிக்கிற சிரிப்பு இந்த முறை இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது.

7 ஏப்ரல் 2024

அந்தச் சபை அக்கா சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு போலிருக்கிறது. எனக்கு இதை எழுத விருப்பமில்லை.

வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, தாய் தமிழ், தகப்பன் சிங்களவர், படிப்பது சிங்கள மொழியில். பள்ளிக்கூடத்தில் ஜாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகள், கேட்டு வளர்கிறது. போதிசத்துவர் முயலாகப் பிறந்து தன்னையே விருந்தாகக் கொடுத்த கதை, நிலவில் தெரிகிற முயல் அதுதான் என்பது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். சிங்களத்தில் ஐந்நூற்றைம்பது என்பார்கள், பாளித் தொகுப்பில் 547. நான் ‘இதோ தேவ ஆட்டுக்குட்டி’ என்று படத்தைத் தூக்கிக் காட்டினேன். பிள்ளை கேட்டது: “இயேசு ஆட்டுக்குட்டியாப் பிறந்தது எத்தனையாவது பிறவி?”

கேள்வியில் பிழையே இல்லை. மிருகம் கதைத்தால் அது யாரோ ஒரு பெரியவரின் முற்பிறவி என்பது அந்தப் பிள்ளை கற்ற இலக்கணம். எனக்கு அது உவமை, வெள்ளவத்தைப் பையனுக்கு அது பூனையின் ஞானஸ்நானம். ஒரே படம், மூன்று வாசிப்பு. இயேசு ஒரே தரம்தான் பிறந்தார், மனிதனாக, ஆட்டுக்குட்டி என்பது பஸ்கா ஆட்டை நினைத்துச் சொன்னது என்று விளக்கினேன். பிள்ளை தலையாட்டியது. விளங்கியதா என்று தெரியாது. மரியாதைக்குத் தலையாட்டுகிற பிள்ளை அது.

அதனால் முதல் நாள் எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். மிருகம் கதைக்கலாம். இயேசுவை மிருகமாக்கி உலவ விடுகிற படப் புத்தகத்தை மட்டும் ஐந்து வயதுக்கு நான் கொடுக்கமாட்டேன். பத்து வயதில் கொடுக்கலாம்.

9 ஏப்ரல் 2024

இல்லை, எட்டு வயதிலேயே கொடுக்கலாம். மனைவியோடு வாதாடித் தோற்றேன்.

13 ஜூன் 2024

இன்று அந்தோனியார் திருநாள். மனைவி கொட்டாஞ்சேனைக்காரி, செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடைக் கோயில் என்று வளர்ந்தவ. நான் புரொட்டஸ்டன்ட், சுரூபம் பார்த்தாலே சங்கடப்படுகிற வீட்டில் வளர்ந்தவன். ஆனால் அந்தோனியாரின் மீன் கதை எனக்குப் பிடிக்கும். இத்தாலியில் றிமினி பட்டணத்து ஆட்கள் பிரசங்கத்தைக் கேட்க மறுக்க, அவர் கரையில் நின்று மீன்களுக்குப் பிரசங்கித்தாராம். மீன்கள் தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, சின்னது முன்னால் பெரியது பின்னால் என்று வரிசையில் நின்று கேட்டனவாம். ஒரு மீனும் ஆமென் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

அதே பாதையில் இன்னொன்று. பேரை வாவிப் பக்கம் மின்கம்பத்தில் குந்தியிருக்கிற கூழைக்கடாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கீழே வாகனம் நிறுத்தியவர்கள் மறக்கவே மாட்டார்கள். பழைய கிறிஸ்தவச் சித்திரங்களில் அது கிறிஸ்துவின் அடையாளம். தன் நெஞ்சைக் கொத்தி, இரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதாக நம்பினார்கள். அக்குவினாஸ் தோமையார் தன் நற்கருணைப் பாடலில் இயேசுவைக் கூழைக்கடா என்றே கூப்பிடுகிறார். உண்மையில் அது வாயை அகலத் திறக்க, குஞ்சுகள் தொண்டைக்குள் தலையை விட்டு மீனைத் தின்கின்றன. எனக்கு இரத்தத்தைவிட அதுதான் கீற விருப்பம். குஞ்சு பாதி உடம்பு தாயின் வாய்க்குள், பின்பக்கம் மட்டும் வெளியே.

21 ஜூலை 2024

புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறேன், பல்லி. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்களே, அப்போது பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கீறி வைத்த பல்லி. இப்போது எடுத்துப் பார்த்தால் மோசமில்லை.

நீதிமொழிகள் 30இல் பூமியில் சின்னவையும் மகா ஞானமுள்ளவையும் என்று நாலு வருகின்றன. எறும்பு, குழிமுசல், வெட்டுக்கிளி, நாலாவது பழைய தமிழில் சிலந்தி. புதிய மொழிபெயர்ப்புகளில் பல்லி. கையால் பிடித்துவிடலாம், ஆனாலும் ராஜாவின் மாளிகையில் இருக்கும். எங்கள் சபைச் சுவரில், பிரசங்க மேடைக்கு நேர் மேலே, டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் ஒன்று நிற்கிறது. போதகர் கையை ஆட்ட ஆட்ட அது விட்டில் பிடிக்கும். கதை அவ்வளவுதான். பெரிய கோயில், சின்னப் பல்லி, அதற்கும் அங்கே இடம்.

சிக்கல் எங்கே என்றால், தமிழ் வீட்டில் ஏற்கெனவே கதைக்கிற ஒரே மிருகம் பல்லி. ‘பல்லி சொல்லுது’ என்கிறோம். எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று கலண்டரிலேயே அச்சடித்திருக்கிறது. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவளான என் அம்மம்மா, பல்லி சொன்னால் விரலால் மேசையைத் தட்டிவிட்டுத்தான் அடுத்த வசனம் வாசிப்பா. சிங்கள அயலவர்களுக்கும் இதே நம்பிக்கை உண்டு. ஆக என் பல்லி வாய் திறந்து ஒரு சொல் சொன்னாலும் அது சகுனமாகிவிடும். இத்தனை மாதம் மிருகம் கதைக்கலாம் என்று வாதாடிவிட்டு, பல்லியின் வாயை நானே மூடி வைத்திருக்கிறேன்.

28 ஜூலை 2024

கேள்வி கேட்ட தாயை இன்று ஆராதனை முடிந்து வாசலில் கண்டேன். நல்ல ஆள், எங்கள் சபைக்கே விருந்தாக வந்திருக்கிறா. பெட்டி இன்னும் வீட்டில்தான். கரடிப் புத்தகங்களை மகன் தானாகவே விட்டுவிட்டானாம், கழுதையை மட்டும் ஒவ்வொரு இரவும் கேட்கிறானாம். அடிக்கிற இடத்தில் அவனே பிலேயாமைப் பேசுகிறானாம்.

பூனையின் ஞானஸ்நானம் என்ன ஆனது என்று கேட்டேன். போன சனிக்கிழமை ஒரு கோப்பைத் தண்ணீரோடு குசினிக்குள் நடந்ததாம். பையன் என்னிடம் கையை நீட்டிக் காட்டினான், முழங்கைக்குக் கீழே நீளமாக மூன்று கோடு. பூனையும் நன்றாகத்தான் கீறுகிறது.